கைமாறிப் போகும் எண்கள்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கோ, சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கோ மென்பொருள் எழுதித் தரப் பேச்சுத் தொடங்கினால் முதலில் வருவது இரண்டு கேள்விகள்: எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு ஆகும். கேட்பவர் மேல் தவறில்லை. ரிங் ஃபிரேம் வாங்கினாலும் ஜெனரேட்டர் வாங்கினாலும் கொட்டேஷன், அட்வான்ஸ், டெலிவரி தேதி என்று நடத்திப் பழகிய ஊர் இது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே முதலீடு என்றால் முன்கூட்டிக் கணக்குப் போட்டு இறங்குவதுதான். இன்னொரு பக்கம், சென்னையிலும் பெங்களூரிலும் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்கள் வேறு பழக்கத்தோடு வருகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் கிளையன்ட்டுக்குக் காட்டுவது, அவர் சொல்வதை வைத்து அடுத்ததை முடிவு செய்வது; முழுத் திட்டத்தையும் முதல் நாளே எழுதிவைப்பது அவர்களுக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. முதல் வழிக்கு வாட்டர்ஃபால் என்றும் இரண்டாவதற்கு அஜைல் என்றும் பெயர். இரண்டுக்கும் நடுவே சமாதானமாகப் போவதை ஹைப்ரிட் என்கிறோம். எந்தத் திட்டத்துக்கு எது என்று முடிவு செய்ய இந்தத் தொழிலில் சொல்லித்தரப்படும் அளவுகோல் ஒன்று உண்டு: தேவை தெளிவாக இருந்தால் வாட்டர்ஃபால், தெளிவில்லை என்றால் அஜைல், பாதி தெளிவு என்றால் ஹைப்ரிட். இந்த அளவுகோல் தவறு என்பதுதான் என் வாதம். தேவை தெளிவா இல்லையா என்று பார்ப்பதைவிட, மென்பொருளில் இருந்து வெளியே போகும் எது பிறர் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முழுத் திட்டத்துக்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே வராது.

இந்தச் சண்டை பழையது. வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையில்தான் தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை, இயக்கம் என்று படிப்படியாக இறங்கும் அந்தப் படம் வந்தது. அந்தப் படத்தை வரைந்த கையோடு, இப்படி நேர்கோட்டில் மட்டும் செய்தால் ஆபத்து என்று அவரே எழுதினார். புதிய வகை வேலையாக இருந்தால் ஒருமுறை சிறிதாகச் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை செய்வதைத்தான் வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும் என்றார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையே நடந்த ஒரு வாக்குவாதம்தான் என் வாதத்துக்கு முக்கியம். மென்பொருள் பொருளாதாரம் பற்றி 1981இல் எழுதிய பேரி போம், ஒரு பிழையைத் தேவை நிலையிலேயே திருத்துவதைவிட இயக்கத்துக்கு வந்தபின் திருத்தினால் பெரிய திட்டங்களில் நூறு மடங்கு வரை செலவாகும் என்று காட்டினார். முன்திட்டத்துக்கான மிக வலுவான நியாயம் இதுதான். 1999இல் அஜைல் பக்கம் நின்ற கென்ட் பெக் இதை மறுத்தார். தானியங்கிச் சோதனைகள், எளிய வடிவமைப்பு, அடிக்கடி வெளியிடுதல் ஆகியவை இருந்தால் அந்தச் செலவுக் கோடு மேலே ஏறாமல் ஏறக்குறையத் தட்டையாகவே போகும் என்றார். இருவரில் யார் சரி என்று இன்றும் கேட்கிறார்கள். இருவரும் சரி, ஆனால் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. நிரலைத் திருத்தும் செலவு பெக் சொன்னபடி குறைந்துவிட்டது. நிரல் ஏற்கெனவே வெளியே அனுப்பிவிட்டதைத் திருத்தும் செலவு போம் சொன்ன இடத்திலேயே நிற்கிறது.

நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். பஞ்சு 170 கிலோ பேலாக வருகிறது. மிக்ஸிங், ப்ளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று போய் நூல் கோனாக வெளியேறுகிறது. இதில் உற்பத்திக் கணக்கைப் போலத் தெளிவான ஒன்று கிடையாது. ஒரு ஸ்பிண்டில் எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் தரும் நூலின் எடை, கிராமில், ஸ்பிண்டில் வேகத்தை 7.2ஆல் பெருக்கி, முறுக்கையும் கவுண்ட்டையும் பெருக்கிய தொகையால் வகுத்து, செயல்திறன் சதவீதத்தாலும் பெருக்கினால் வந்துவிடும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பதே கவுண்ட் என்ற வரையறை மாறாதவரை இந்தச் சூத்திரமும் மாறப்போவதில்லை. கோவையில் இருக்கும் சிட்ரா நிறுவனம் இந்த வகை அளவீடுகளுக்கு நெறிகளே வகுத்து வைத்திருக்கிறது. பாடப்புத்தக அளவுகோலின்படி, இவ்வளவு தெளிவான பகுதியை முழுதாக எழுதிவைத்து வாட்டர்ஃபாலில் செய்ய வேண்டும். நடைமுறையில் அதற்கு அவசியமே இல்லை. ஸ்பின்னிங் மாஸ்டர் இன்று மெஷின் வாரியாக ரிப்போர்ட் கேட்பார், அடுத்த மாதம் கவுண்ட் வாரியாகக் கேட்பார், அதற்கடுத்து நூல் அறுந்த கணக்கையும் பக்கத்தில் சேர்க்கச் சொல்வார். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்கலாம். நேற்றைய ரிப்போர்ட் தப்பாக இருந்தால் அதே தரவிலிருந்து இன்று சரியாக எடுத்துவிடலாம். அந்தத் தாள் மில் கேட்டைத் தாண்டுவதில்லை. இதற்கு நேர் எதிரானது லாட் எண். எந்தப் பஞ்சு மிக்ஸிங் எந்தத் தேதியில் எந்த லாட் ஆனது, பாதியில் மிக்ஸிங் மாறினால் புது எண்ணா பழைய எண்ணா, மீதிக் கோன்களை எந்த எண்ணில் கட்டுவது என்பதில் மில்லுக்குள்ளேயே ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும். தெளிவில்லாததால் இதை அஜைலில் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகம் சொல்லும். ஆனால் லாட் எண் பையில் அச்சாகித் திருப்பூருக்கும் இச்சல்கரஞ்சிக்கும் போகிறது. இரண்டு லாட் கலந்து ஒரே துணியில் பின்னப்பட்டால் சாயம் போட்ட பிறகு பட்டை பட்டையாகத் தெரியும். அப்போது வாங்கியவர் டெபிட் நோட் அனுப்புவார். அந்த நாளில் எண் முறையில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து நிரலைத் திருத்துவது ஒரு மணி நேர வேலை. பைகளில் போன எண்ணைத் திருத்த யாராலும் முடியாது. தெளிவானதை அவசரமில்லாமல் துண்டு துண்டாகச் செய்யலாம், தெளிவில்லாததை முன்கூட்டியே உட்கார்ந்து முடித்துவைக்க வேண்டும் என்ற தலைகீழான முடிவுக்கு மில்லின் நடைமுறை நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சத்திரப்பட்டியின் பேண்டேஜும் காஸ் துணியும் இதை இன்னும் கடுமையாகக் காட்டுகின்றன. அறுவைச் சிகிச்சைக் கட்டுத்துணியின் தரத்துக்குச் சட்ட விதிகளே உண்டு. பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஸ்டெரைல் என்றால் அதன் பதிவு எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவருக்கு 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவச் சாதன ஒழுங்குமுறையின் தடமறிதல் கட்டாயங்களும் சேர்கின்றன. ஒரு பேட்சைத் திரும்பப் பெற வேண்டி வந்தால், அது எந்தெந்த ஊர் மருத்துவமனைக்குப் போனது என்று அன்றே சொல்லத் தெரிய வேண்டும். இங்கே ஒரு ஆட்சேபம் எழும்: கட்டுப்பாடுள்ள தொழில் என்றால் எல்லாமே எழுதிக் கையெழுத்திட்டுச் செய்ய வேண்டியதுதான், அஜைலுக்கு இடமே இல்லை. அது உண்மையில்லை. மருத்துவச் சாதன மென்பொருளில் அஜைல் முறைகளைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டியை அமெரிக்காவின் ஏஏஎம்ஐ அமைப்பு 2012லேயே வெளியிட்டது. ஒழுங்குமுறை அதிகாரி கேட்பது சான்றை. எந்த வரிசையில் வேலை செய்தீர்கள் என்பதை அல்ல. பேட்ச் பதிவின் அமைப்பை முன்னரே எழுதி, சோதித்து, பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால், தறி வாரியான உற்பத்தித் திரையையோ நெய்பவர் கூலிக் கணக்கின் ரிப்போர்ட்டையோ வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதை எந்த இன்ஸ்பெக்டரும் தடுக்கப்போவதில்லை.

வெளியே போவதையும் உள்ளேயே இருப்பதையும் வேறாக்கும் இந்தப் பிரிப்பை நாடு முழுவதும் செய்து காட்டிய ஒரு திட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தினமும் ஓடுகிறது. மாவட்டத்தின் பெயரும் தலைநகரமும் விருதுநகர். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அங்கே வழக்குகள் பதிவாவது உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழுவின் வழிகாட்டுதலில் தேசிய தகவலியல் மையத்தின் புனே பிரிவு உருவாக்கிய சிஐஎஸ் என்ற மென்பொருளில். இ-கோர்ட்ஸ் திட்டம் 2007இல் தொடங்கியபோது மாநிலத்துக்கு ஒரு மென்பொருள் என்ற நிலைதான் இருந்தது. எந்த உயர் நீதிமன்றமும் தன் நடைமுறையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. விட்டுக்கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் உரிமையியல் நடைமுறை விதிகளே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிறகு எடுத்த முடிவு, மென்பொருளையே இரண்டாகப் பிரிப்பது. தேசிய மையம் என்ற உட்பகுதி நாடு முழுக்க ஒன்றே, அதை எந்த மாநிலமும் தொடக்கூடாது. சுற்றுப்பகுதியை அந்தந்த உயர் நீதிமன்றம் தன் வழக்கத்துக்கேற்ப வளர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண் உட்பகுதியில் பிறக்கிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை, ஆண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த எண் வக்கீலின் கட்டில் எழுதப்படுகிறது, கட்சிக்காரரின் போனில் ஏறுகிறது, மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போகிறது. 2015 செப்டம்பரில் தேசிய நீதித்துறைத் தரவு கட்டமைப்பு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, நிலுவை வழக்குகளை யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்க முடிந்தது என்றால், உட்பகுதி ஒன்றாக இருந்ததுதான் காரணம். அதே சமயம் சுற்றுப்பகுதியை மாநிலங்கள் தனித்தனி வேகத்தில் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்தத் திட்டத்தில் குறைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோடு கிழித்த இடம் சரி என்கிறேன். மாதங்களைப் பிரிக்காமல் மென்பொருளைப் பிரித்தார்கள்.

என் வாதத்துக்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பு இது: வெளியே போவதையெல்லாம் முன்கூட்டியே திட்டமிடு என்கிறாய்; முன்கூட்டியே திட்டமிட்டதுதான் பெரும்பாலும் தப்பாகப் போகிறது. ஜிஎஸ்டியைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? 2017 ஜூலை 1இல் வரி வந்தபோது விற்பவர் ஜிஎஸ்டிஆர்-1 போடுவார், வாங்குபவர் ஜிஎஸ்டிஆர்-2இல் அதை ஒப்பிட்டுச் சரிபார்ப்பார், இரண்டும் சேர்ந்து ஜிஎஸ்டிஆர்-3 தானாக உருவாகும் என்று அழகான திட்டம் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவதையும் மூன்றாவதையும் நிறுத்திவைத்தார்கள். பின்னர் அவை திரும்பவே இல்லை. இரண்டு மாதத்துக்குத் தற்காலிகமாக என்று கொண்டுவந்த ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்கப் படிவம்தான் இன்றுவரை ஓடுகிறது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் எது விழுந்தது, எது நின்றது என்று உற்றுப் பார்க்க வேண்டும். மாநிலக் குறியீடு இரண்டு இடம், அதில் தமிழ்நாடு 33, பிறகு பான் எண் பத்து இடம் என்று 15 இடம் கொண்ட ஜிஎஸ்டி எண்ணின் அமைப்பு அப்படியே நிற்கிறது. இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்ற 46ஆம் விதியும் நிற்கிறது. விழுந்தது, லட்சக்கணக்கான வியாபாரிகள் மாதாமாதம் எப்படி நடந்துகொள்வார்கள் என்று முன்கூட்டியே கற்பனை செய்த பகுதி. மனிதர்களின் நடைமுறையை வரைபலகையில் முடிவு செய்ய முடியாது என்று அஜைல்காரர்கள் சொல்வது அங்கே முழுக்கச் சரி. ஆகவே உட்பகுதி ஒல்லியாக இருக்க வேண்டும்: கைமாறும் எண், தேதி, தொகை, கையெழுத்து, அவ்வளவுதான். படிவம் நிரப்பும் வரிசையையும் ஒப்புதல் கொடுக்கும் படிகளையும் அதற்குள் திணிக்கத் தொடங்கினால் ஜிஎஸ்டிஆர்-2இன் கதிதான்.

தெளிவும் இல்லை, வெளியே போனால் திருத்தவும் முடியாது என்ற பகுதிகள்தான் உண்மையான சோதனை. அவற்றுக்கும் ஜிஎஸ்டியின் அடுத்த அத்தியாயங்களில் விடை இருக்கிறது. இ-வே பில்லை 2018 பிப்ரவரி 1இல் நாடு முழுக்க ஒரே நாளில் கட்டாயமாக்கினார்கள். தளம் தாங்காமல் அன்றே தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 1இல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு மறுபடி தொடங்கி, மாநிலத்துக்குள் போகும் சரக்குக்குச் சில சில மாநிலமாகச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டின் முறை ஜூன் 2இல் வந்தது. அந்த அடி இ-இன்வாய்ஸுக்குப் பாடமானதாகவே தெரிகிறது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று படிப்படியாக இறக்கினார்கள். இன்வாய்ஸின் தரவு அமைப்பு சட்டத்தில் எழுதி வைக்கப்பட்ட ஒன்று. அதைச் சந்தைக்குக் கொண்டுபோன விதமோ துண்டு துண்டானது. ராஜபாளையத்தின் பெரிய மில்களுக்கு முதலிலும், சத்திரப்பட்டியின் சிறிய கம்பெனிகளுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்தும் இந்தக் கட்டாயம் வந்து சேர்ந்தபோது, சிறியவர்களுக்கு மென்பொருள் எழுதுபவர்கள் பெரியவர்களின் தடுமாற்றங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அவகாசம் கிடைத்தது. ஒருமுறை சிறிதாகச் செய்து பார் என்று ராய்ஸ் சொன்னதும் இதைத்தான். ஒரு இ-இன்வாய்ஸைத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், ரத்து செய்த எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. அதற்குப் பிறகு கிரெடிட் நோட்தான். அடுத்த ஸ்பிரிண்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சொல்லுக்கு அந்த 24 மணி நேரத்தில் இடமில்லை.

ஹைப்ரிட் என்ற பெயரில் இங்கே பெரும்பாலும் நடப்பது வேறு. முதல் இரண்டு மாதம் தேவை ஆவணம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். நடுவில் நான்கு மாதம் ஸ்பிரிண்ட் என்று ஓடுவார்கள். கடைசியில் மொத்தமாகச் சோதித்து மொத்தமாக ஒப்படைப்பார்கள். இதில் வாட்டர்ஃபாலின் உறுதியும் கிடையாது, அஜைலின் நெகிழ்வும் கிடையாது. கையெழுத்தான ஆவணத்தை மாற்ற முடியாததால் ஸ்பிரிண்ட்டில் கிளையன்ட் சொல்வதைக் கேட்டும் பயனில்லை. பயன்படுத்துபவர் கைக்கு எதுவும் ஆறு மாதம் போகாததால் அவர் சொல்வதும் கற்பனைதான். இரண்டின் கெடுதலும் சேர்ந்ததே ஹைப்ரிட் என்று தூய அஜைல்காரர்கள் சொல்வது இந்த வகையைப் பற்றி என்றால், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். காலண்டரைப் பிரித்துச் செய்யும் ஹைப்ரிட் கூடாது.

பணம் பற்றிய ஆட்சேபம் இதைவிட நேரடியானது. எவ்வளவு என்று சொல்லாமல் யார் வேலை கொடுப்பார்கள்? முதலாளிக்கு முடிவு தெரியாத பில் பிடிக்காது. அரசு டெண்டரில் மைல்கல் இல்லாமல் காசு வராது. கேள்வி நியாயமானது, அதற்கு விடையும் இந்தப் பிரிப்பிலேயே இருக்கிறது. எண் முறைகள், மாஸ்டர் பட்டியல்கள், இன்வாய்ஸ், ஸ்டாக், கணக்குப் புத்தகத்தோடு இணையும் இடம் ஆகியவை அளந்து சொல்லக்கூடிய வேலை. அதற்கு நிலையான விலை, தேதி, கையெழுத்து எல்லாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். திரைகள், ரிப்போர்ட்டுகள், ஒப்புதல் வழிகளுக்கு மாதத் தொகை பேசலாம். வருடாந்திரப் பராமரிப்பு என்று ஏஎம்சி கொடுத்துப் பழகிய ஊரில் இது புதிய ஏற்பாடும் அல்ல. ஏஎம்சியை ஒப்படைத்த பிறகு தொடங்காமல் முதல் மாதத்திலிருந்தே தொடங்குவது மட்டும்தான் புதிது. பிடிக்காவிட்டால் மாதத்தொகையை எந்த மாதமும் நிறுத்தலாம் என்ற உரிமை முதலாளிக்கு இருந்தால், அவர் மொத்த விலைக்கு அடம்பிடிப்பது குறையும்.

அஜைல் அறிக்கையில் இருக்கும் ஓர் எதிர்பார்ப்பு இந்த ஊர்களில் அப்படியே செல்லாது: வியாபாரம் தெரிந்தவரும் நிரல் எழுதுபவரும் தினமும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது. ஒரு மில் அலுவலகத்தில் வியாபாரம் தெரிந்தவர் என்றால் பெரும்பாலும் கணக்கர்தான், அவருடைய மாதம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. 7ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி. சம்பளப் பட்டுவாடாவும் இதற்குள்தான். முதல் இருபது நாளில் அவரைப் புதுத் திரையைப் பார்க்கக் கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கட்டிய மென்பொருள்கள்தான் பின்னால் சண்டையில் முடிகின்றன. 21ஆம் தேதிக்குப் பிறகு வரும் பத்து நாள் அவர் நிதானமாக உட்கார்ந்து குறை சொல்வார், அந்தக் குறைகள் பொன்னானவை. ஆகவே இங்கே இரண்டு வார ஸ்பிரிண்ட்டைவிட மாதச் சுற்றே சரி: முதல் இருபது நாள் கட்டுவது, கடைசிப் பத்து நாள் காட்டுவதும் திருத்துவதும். தினமும் சந்திக்க முடியவில்லை என்பதால் அஜைலே ஆகாது என்று விட்டுவிடுவது அவசரம்.

ஆட்கள் விஷயத்தில் மரபான முறைக்குத்தான் என் ஓட்டு. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்வி நிறுவனம் 1984இலிருந்து பொறியாளர்களை உருவாக்குகிறது, ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இலிருந்து இருக்கிறது. படித்து முடித்தவர்களில் சிலர் இங்கேயே சின்ன நிறுவனங்களில் சேர்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பெரிய ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். போவது அவர்கள் உரிமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். விரிவான ஆவணத்தைவிட ஓடும் மென்பொருளே மேல் என்ற அறிக்கையின் வரி, அனுபவசாலிகள் ஒரே அறையில் வருடக்கணக்காகச் சேர்ந்திருக்கும் குழுவுக்குப் பொருந்தும். போமும் ரிச்சர்ட் டர்னரும் 2003இல் எழுதிய புத்தகத்தில் அஜைலா திட்டமா என்று முடிவு செய்ய ஐந்து காரணிகளைச் சொன்னார்கள். குழுவில் இருப்பவர்களின் அனுபவ நிலை அவற்றில் ஒன்று. லாட் எண் ஏன் இப்படி அமைந்தது, இந்த வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் தனி வரிசை என்பவை எழுதப்படாமல் ஒரு பிள்ளையின் மனதில் மட்டும் இருந்தால், அவர் பெங்களூர் பஸ் ஏறும் நாளில் மில்லின் நினைவும் அதே பஸ்ஸில் போகிறது. உட்பகுதி ஒல்லியாக இருந்தால் அதை எழுதிவைப்பதும் முப்பது நாற்பது பக்க வேலைதான். அதைத் தமிழில் எழுதினால் கணக்கரும் படித்துப் பார்த்துத் தப்பைச் சொல்வார்.

வெளியுலகத்துச் சான்றுகளும் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. அமெரிக்காவின் எஃப்பிஐ, வழக்குக் கோப்பு மென்பொருளை மொத்தமாகத் திட்டமிட்டுச் செய்து 17 கோடி டாலரோடு 2005இல் கைவிட்டது. அடுத்து வந்த சென்டினல் திட்டமும் தடுமாற, 2010இல் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துச் சிறு குழுவோடு அஜைலில் போய் 2012இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அஜைலின் வெற்றி என்று இதை எல்லோரும் சொல்வார்கள். பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைத் திட்டம் அஜைல் என்று அறிவித்துத் தொடங்கியது; 2013இல் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள மென்பொருளைத் தள்ளுபடி செய்ததைச் சொன்னது. பிறகு 2014 நவம்பரில் லண்டனின் சட்டன் பகுதியில் சிறு வட்டத்தில் புதிய அமைப்பைச் சோதித்து, அங்கிருந்து விரித்தார்கள். மக்கள் கைக்குப் பணம் போகும் திட்டத்தில் தவறான தொகை போனால் அதைத் திரும்ப வாங்குவது நிரலைத் திருத்துவது போன்ற காரியம் அல்ல. வழியின் பெயரைப் பார்த்து வெற்றியையும் தோல்வியையும் ஒதுக்கினால் இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. கைமாறுவது எது, அதை முதலில் எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் பேசுகின்றன.

முழுக்க அஜைலாகவே போகலாம் என்ற வேலைகளும் இங்கே உண்டு, அவற்றில் தேவையில்லாத ஆவணம் எழுதி வாடிக்கையாளரின் காசைக் கரைப்பதும் தவறுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்கு ஒரு கவுன்டர் பில்லிங் மென்பொருள் என்றால், வரி எண்ணையும் பில் வரிசையையும் சரியாக வைத்துவிட்டு மற்றதைக் கடைக்காரர் சொல்லச் சொல்ல மாற்றிக்கொண்டே போகலாம். உதிரி இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று காட்ட வேண்டும் என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியபோது, அப்படி வளர்ந்த மென்பொருளில் தேதிக்கு ஒரு கட்டம் சேர்ப்பது சிறிய வேலை. நூற்பாலையில் நிலைமை வேறு. அங்கே புது மென்பொருளுக்கு மாறும் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 1. கணக்கு ஆண்டு அன்றுதான் தொடங்குகிறது, மூன்று ஷிஃப்ட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. தொடக்க இருப்பில் விழுந்த தவறை முன்பு போல இரவோடிரவாகச் சத்தமில்லாமல் சரிசெய்ய முடியாது, அது ஆடிட்டர் கண்ணில் படும். ஆகவே அந்த மாறுதல் நாளை மட்டும் மணிவாரியாக எழுதுங்கள்: பேல் இருப்பை யார் எண்ணுவது, ஓட்டத்தில் உள்ள பஞ்சை எந்தக் கட்டத்தில் எடை போடுவது, கடைசிப் பழைய இன்வாய்ஸ் எது, முதல் புது இன்வாய்ஸ் எது, ஒத்துவராவிட்டால் எத்தனை மணிக்குப் பழையதற்குத் திரும்புவது, அந்த முடிவை எடுப்பவர் யார். மார்ச் மாதம் 21ஆம் தேதிக்குப் பிறகு ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள். ஏப்ரல் 2ஆம் தேதி காலை ஸ்பின்னிங் மாஸ்டர் ரிப்போர்ட்டில் ஒரு பத்தியைக் கூட்டச் சொன்னால், அன்று மதியமே கூட்டிக் கொடுத்துவிடலாம்.